ஊதா மையில் ஒரு சிறுமி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். கூட்டிச் சொல்ல எனக்கு மனமும் இல்லை.

பயிற்சி வகுப்புகளுக்கு ஸ்லைடு தயாரிப்பது எங்கள் அலுவலகத்தின் வேலை. என் பக்கத்து இருக்கை பேனா அண்ணனுடையது. அவர் வாயைத் திறப்பதே அபூர்வம். சொல்ல வேண்டியதையெல்லாம் டிஜிட்டல் பேனாவால் ஸ்லைடிலேயே கிறுக்கிவிடுவார். எப்போதும் ஊதா மைதான். ஒரே ஃபைலை இருவரும் அவரவர் கணினியில் திறந்து வைத்திருப்போம். நான் பிழை விட்டால் வட்டம் போடுவார். டீ வேண்டுமென்றால் ஓரத்தில் ஒரு கோப்பை வரைவார். நான் எழுந்து போகும்வரை அழிக்க மாட்டார்.

ஒரு நாள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் லாரி மோதி இறந்துபோனார். எங்கே, எப்படி என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

சில வாரம் கழித்து, அவர் பாதியில் விட்ட ஃபைலை முடித்துத் தரும்படி மேனேஜர் என்னிடம் தள்ளிவிட்டார்.

மாலை ஐந்து மணி. எல்லோரும் மீட்டிங்கில் இருந்தார்கள். ஜன்னலில் நல்ல வெயில்.

ஃபைலைத் திறந்தேன். ஓரத்தில் ஒரு ஊதாக் கோப்பை. பழசு என்று நினைத்தேன். மனதைக் கல்லாக்கிக்கொண்டு அதை அழித்தேன்.

அடுத்த ஸ்லைடு. அங்கேயும் கோப்பை. மேலே ஆவி பறப்பதுபோல் இரண்டு கோடுகள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது கோடு வளைந்து வளைந்து ஏறியது...

என் பேனா மேசையில் கிடந்தது. பக்கத்து மேசை காலி. அவருடைய கணினியை எப்போதோ எடுத்துப் போய்விட்டார்கள்.

"என்னண்ணே..." என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது.

கோப்பை மறைந்தது.

இரண்டு நீளக் கோடுகள் விழுந்தன. சாலை. அதன் மேல் பாலம். நடுவில் தூண். சாலையோரம் அடுக்கிய டயர்கள். தினமும் பஸ்ஸில் நான் கடந்துபோகும் டயர் கடை அது.

தூணடியில் ஒரு சின்ன உருவம். அண்ணனின் மகளைப் போலவே இரட்டைப் பின்னல். ஒரு கை மட்டும் மேலே தூக்கி இருந்தது. யாரோ பிடித்திருப்பதுபோல.

பிடித்த ஆள்... இல்லை.

கீழே ஏதோ எழுத்து விழுந்தது. ஒரே கிறுக்கல். படிக்க முடியவில்லை. அதைச் சுற்றி வளைத்து, கையெழுத்தை அச்செழுத்தாக மாற்றும் பொத்தானை அழுத்தினேன்.

'சீக்கிரம்.'

அவர் மனைவிக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, பாப்பா எங்க?"

"கீழதான் விளையாடுறா. ஏம்மா?"

"ஒரு தடவ பாத்துடுங்களேன்."

படியில் செருப்புச் சத்தம். "பாப்பா..." பிறகு உரக்க, "பாப்பா!"

போன் கீழே விழும் சத்தம்.

அந்த டயர் கடை ஒரே ஸ்டாப் தூரம்தான். ஓடினேன்.

பாலத்தடியில் இரண்டு பக்கமும் லாரிகள் சீறிக்கொண்டிருந்தன. நடுவில், தூணை ஒட்டி, அவள் நின்றாள். கை மேலே தூக்கியபடி.

அள்ளி எடுத்தேன். அந்தக் கை மட்டும் ஜில்லென்று இருந்தது.

"இங்க எதுக்குடா கண்ணு வந்த?"

"அப்பாவத் தேடி."

"அப்பாவா?"

"இப்பதான் கைய விட்டாரு. ஆள் வருது, அசையாம நில்லுன்னாரு."

வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அண்ணி குழந்தையை வாங்கி மார்போடு அழுத்திக்கொண்டார். அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்றுதான் பாப்பாவிடம் சொல்லி வைத்திருந்தாராம். உண்மையைச் சொல்ல மனம் வரவில்லையாம்.

பாப்பா தூங்கியதும், அவளை எங்கே கண்டேன் என்று சொன்னேன். அண்ணி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தத் தூண்கிட்டதான் அவர் கிடந்தாரு. அது பாப்பாவுக்குத் தெரியவே தெரியாது."

குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அன்னைக்கு ஒரு வண்டிகூட நிக்கலையாம்மா. எல்லாம் ஒதுங்கி ஒதுங்கிப் போயிருக்கு. தண்ணி குடுக்கக்கூட ஆளில்லாம... உசுரு போற வரைக்கும் கையத் தூக்கிட்டே கிடந்தாராம்."