மோரிக்குப் போட்ட கம்பி

நான் மோரிக்குள் விழுந்ததால்தான் எங்கள் தெருவுக்குக் கம்பி வந்தது.

பெங்களூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். அன்று சாயங்கால ரயிலில் இறங்கி, தூறலில், தங்கச் சுரங்க ஊரில் எங்கள் குடியிருப்பான ஸ்கெலட்டனுக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். எங்கள் தெரு முனையில் ரோட்டுக்கு அடியில் மழைத்தண்ணீர் போகிற பெரிய சிமெண்ட் குழாய் இருக்கிறது. அதைத்தான் மோரி என்போம். எதிரே வந்த ஆட்டோவுக்கு ஒதுங்கியவள், அதன் வாயருகே இடுப்பளவு சேற்றில் போய் உட்கார்ந்தேன். சாப்பாட்டுப் பையை மட்டும் எப்படியோ தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன்.

எதிர்வீட்டுக்காரர்தான் கைகொடுத்தார். சுரங்கத்துக்குள் லெவல் லெவலாக இறங்கி வேலை பார்த்து ரிட்டயரானவர். இழுக்கும்போதே, "இன்னாம்மா, எந்த லெவலுக்கு எறங்கப் பாத்தீங்க?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் முதலில் வயிறு வலிக்கச் சிரித்தார், அப்புறம் கோபப்பட்டார். தெருவே திரண்டு போய் வார்டு உறுப்பினரிடம் கேட்டோம். எதற்கும் அசையாத மனுஷன், தேர்தல் பக்கத்தில் இருந்ததால் அசைந்தார். மோரி வாயை அடைத்து நெட்டுக்குத்தாக, விரல் மட்டும் நுழைகிற நெருக்கத்தில் கம்பி அடித்தார்கள். எனக்கு மாலை போட்டுப் படமும் எடுத்தார்கள். இனிமேல் எலிகூட உள்ளே போகாது என்று வார்டு உறுப்பினர் பெருமைப்பட்டார். தண்ணீரும் போகாது என்பது அங்கே கைதட்டிய ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் கைதட்டினேன்.

முதல் பெருமழை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பிடித்தது. பிளாஸ்டிக் கவர், இளநீர் மட்டை, யாரோ வீசிய தலையணை, தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து கரைந்து வந்த சாம்பல் மண் எல்லாம் கம்பியில் அப்பிச் சுவராகிவிட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் குளம். எங்கள் சமையலறையில் காலி சிலிண்டர் மிதந்தது. எதிர்வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, உங்கள் கம்பி நன்றாகப் பிடிக்கிறது, வந்து பாருங்கள் என்றார்.

என் வீட்டுக்காரர் குப்பையை வாரலாம் என்று தண்ணீரில் இறங்கினார். கம்பிக்குக் கிட்டே போனதும் தண்ணீர் அவரை இழுத்து, காலோடு சேர்த்துக் கம்பியில் அழுத்திவிட்டது. முதலில் நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"கால் வரல. இழுக்குது," என்றார்.

துணி காயவைக்கும் நைலான் கயிற்றை அறுத்து வந்து அவர் கக்கத்துக்கு அடியில் கட்டினோம். நான் பிடித்துக்கொள்ள, எதிர்வீட்டுக்காரர் கரையில் நின்றபடியே ஒரு நீளக் கழியால் கம்பியின் மறுகோடியில் அடைத்திருந்த தலையணையைக் குத்திப் பெயர்த்தார். அந்த வழியாகத் தண்ணீர் கடகடவென்று இறங்க, இந்தப் பக்கம் இழுப்பு தளர்ந்தது. அவரைக் கரையேற்றினோம்.

மறுநாள் கம்பியைப் பிடுங்கி எறியவேண்டும் என்று பாதித் தெரு கத்தியது. மறுபடி யாராவது விழுந்தால் என்று மீதிப் பாதி கேட்டது. பார்க்க வந்த இன்ஜினியர் கன்னடக்காரப் பெண். கன்னடமும் தமிழும் கலந்து பொறுமையாகச் சொன்னார். கம்பி வேண்டும், ஆனால் மோரி வாயை ஒட்டி இவ்வளவு நெருக்கமாக வேண்டாம். முன்னே தள்ளி, சரிவாக, அகல இடைவெளி விட்டுப் போட்டால் குப்பை மேலே ஏறும், தண்ணீர் அடியில் போகும், ஆளும் ஒட்டிக்கொள்ளமாட்டான். அப்படியும் குப்பையை வாராமல் விட்டால் அடைக்கத்தான் செய்யும். வார்டு உறுப்பினர் அப்போதும் எலியைப் பற்றிக் கேட்டார்.

அப்படியே மாற்றிப் போட்டார்கள். வாருவது யார் என்பதில்தான் சண்டை. என்னால் வந்த கம்பி, நானே வாரவேண்டும் என்றார்கள். விழுந்தவளுக்கே வேலையா என்று நான் மாட்டேனென்றேன். கடைசியில் வீட்டுக்கு ஒரு மழை என்று முடிவாயிற்று.

போன மழை எங்கள் முறை. என் வீட்டுக்காரர் கரையில் நின்றே வாரினார், தண்ணீர் படிவரைகூட வரவில்லை. குப்பையோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி நல்ல நிலையில் கிடைத்தது. கழுவி வாசலில் போட்டிருக்கிறோம். இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை.