முள் வெட்டிப் போட்ட பாதை

அவர்களை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. வெயில் ஏறாத ஞாயிற்றுக்கிழமை காலை, காரின் முதுகில் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு முகத்துவாரக்குப்பத்துக்கு வந்தவர்கள், படகு இறக்கும் வழியிலேயே காரை நிறுத்தினார்கள். ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியைப் படம் எடுத்தார். அவர்தான் தலைவர் போலிருந்தது. என்னையும் என் சைக்கிளையும் பார்த்துவிட்டு, "நீங்க இங்கேயேவா இருக்கீங்க? எப்படி மூச்சு விடுறீங்க?" என்று கேட்டார்.

"மூக்காலதான்" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எனக்கு ஊர் பக்கத்திலிருக்கும் காத்திவாக்கம். முகத்துவாரக்குப்பம் என் அக்காவைக் கட்டிக்கொடுத்த இடம். வாரத்தில் ஆறு நாள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து கண்டெய்னர் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் ஆளாளுக்கு ஒரு வேலை சொல்வார்கள். ரோட்டில் இறங்கினால் டிரெய்லர்காரன் ஹாரனை அடித்தே ஓரத்துச் சாக்கடைக்குள் தள்ளிவிடுவான். ஞாயிறு காலை ஒரு மணி நேரம் மட்டும் யாரும் என்னை எதுவும் கேட்க முடியாது. கைமாறி வந்த கியர் சைக்கிள் ஒன்றில், குப்பத்துக்குப் பின்னால் கருவேல முள்ளுக்குள் புகுந்து, அனல்மின் நிலையத்துச் சாம்பல் தண்ணீர் போகும் குழாயை ஒட்டியே ஓட்டிக் கழிமுகத்துக்கு வந்துவிடுவேன். நடுவில், ஆற்றைத் தூர்வாரிக் கொட்டிய மேடு ஒன்று உண்டு. அதன் உச்சியிலிருந்து சைக்கிளை விட்டால் இரண்டு சக்கரமும் ஒரு கணம் தரையில் இருக்காது. நாற்பதை நெருங்குகிற, பிள்ளை பெற்ற ஒருத்திக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொன்னால் யாருக்கும் புரியாது. அந்த ஒரு கணத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அவர்கள் வாராவாரம் வந்தார்கள். நான் ஓட்டும் அந்தப் பாதைக்குச் 'செத்த ஆறு' என்று பெயர் வைத்து போனில் ஏதோ ஆப்பில் போட்டார்கள். அந்தச் செத்த ஆற்றில்தான் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கரையில் ஏறி நடந்தால், கறுப்புக் கண்ணாடி போட்ட இவர்கள் "ஓரம், ஓரம்" என்று கத்திக்கொண்டு வருவார்கள். யார் ஊரில் வந்து யாரை ஓரம் போகச் சொல்கிறார்கள்!

பாதை முடிகிற இடத்தில் மணல்வெளி. அங்கே வலை காயும். வலை கிடந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு சுற்றிப் போக வேண்டும், அவ்வளவுதான். ஒருமுறை நானே கவனிக்காமல் ஏற்றி, பின்சக்கரத்துக் கியரில் வலை சுற்றிக்கொண்டது. அது என் அக்கா புருஷனுடைய வலை. மாமா என்னை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வண்டியைப் படுக்கப்போட்டு, பெடலைப் பின்னால் சுற்றிச் சுற்றி, கண்ணி கண்ணியாக எடுத்தார். ஓர் இழைகூட அறவில்லை.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிறு, அந்தத் தலைவர் எனக்கு முன்னால் வேகமாக மணலுக்குள் இறங்கினார். கிழிசல் தைத்துக்கொண்டிருந்த மாமா எழுந்து, வராதே என்று கையை ஆட்டினார். இவரும் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு வலைமேல் ஏற்றினார். வலை சுற்றிச் சங்கிலி இறுகி, சைக்கிளோடு சாய்ந்தார். அடி ஒன்றும் இல்லை. எழுந்ததும் கியரைக் குனிந்து பார்த்தார். பையிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து வலையை அறுக்க ஆரம்பித்தார்.

"யோவ், இன்னாயா பண்ற? வலைய ஏன்யா அறுக்குற?" என்று மாமா ஓடினார்.

"ஒரு நிமிஷம் சார். இந்த கியர் ரொம்ப டெலிகேட்."

"கத்திய வைங்க! பெடலப் பின்னால சுத்துனா தானா வந்துடும்" என்று நான் கத்தினேன்.

அவர் நிறுத்தவில்லை. "வெறும் நைலான்தானே மேடம்" என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த வெறும் நைலானை நம்பித்தான் அக்கா வீட்டில் உலை வைக்கிறார்கள். மணலை வாரி அவர் மூஞ்சியில் அடிக்கலாம் போலிருந்தது. அடித்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது. அதற்குள் குப்பத்து ஆட்கள் கூடிவிட்டதால், வந்தவர்கள் அத்தனை பேரும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

அவர்கள் போன கையோடு அங்கேயே பேச்சு நடந்தது. இனி சைக்கிள் உள்ளே வரக்கூடாது, பாதையை மறித்து முள்ளை வெட்டிப் போட வேண்டும் என்று முடிவானது. "போடுங்க, நல்லாப் போடுங்க" என்று நானும் சேர்ந்து கத்தினேன். மாமா என் பக்கம் திரும்பினார்.

"உன் வண்டிக்கும் சேத்துத்தான் சொல்லிகினு கீறோம்."

"நான் இன்னா மாமா பண்ணேன்? நான் நம்ம ஆளு."

"நீ போறத அவன் பாத்தான்னா, அவ மட்டும் போறா, எனக்கு மட்டும் இன்னாத்துக்கு முள்ளுன்னு கேப்பான். அப்போ இன்னா பதில் சொல்றது? நீயே சொல்லு."

மாமாமேலும் ஆத்திரம் வந்தது. அறுந்த வலை அவர் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு எப்படிச் சண்டை போடுவது? பக்கத்தில் இருந்தவரிடம் அரிவாளை வாங்கி, முதல் கிளையை நானே வெட்டிப் போட்டேன். கையெல்லாம் கீறல்.

அடுத்த ஞாயிறு, அவர்கள் ஏமாந்து நிற்பதைப் பார்க்கவென்றே நடந்து போனேன். வந்தார்கள். முள்ளைப் பார்த்தார்கள். "வேற வழி இருக்கா மேடம்? நீங்க எப்படிப் போறீங்க?" என்றார் தலைவர்.

"நடந்துதான்."

அவர் போனைத் தடவிப் பார்த்தார். "சரி விடுங்கப்பா, இன்னும் நாலு இடம் இருக்கு" என்றார். சைக்கிள்களைக் காரில் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களிடம் கோபம்கூட இல்லை.

நான் முள்ளை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போய் அந்த மேட்டில் ஏறினேன். இறங்கும்போது கால் தானாக ஓட ஆரம்பித்தது. எவ்வளவு ஓடியும் தரை காலை விடவில்லை. கீழே வந்து நின்று, யாரும் இல்லாத இடத்தில், வலையை அறுத்த அந்த ஆளைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். இன்றுவரை அவரை நான் மன்னிக்கவில்லை.