பாகூர் ஏரியில் முள் இல்லாத தூண்டில்

முதலில் ஒரு திருத்தம். கருவடிக்குப்பத்தில் என் தெருவிலும், ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலிலும், நான் தூண்டிலில் முள்ளைக் கட்டிவிட்டு மறந்துபோனேன் என்று பேசிக்கொள்கிறார்கள். நான் கட்டவும் இல்லை, மறக்கவும் இல்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பாகூர் ஏரிக்குப் போக நினைப்பவர்களுக்கும் அது உதவும்.

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் ஏரியில் மீன் பிடிப்பது என் கணவர் வீட்டு வழக்கம். அன்று இறந்தவருக்கும் ஒரு தூண்டில் போடுவார்கள். அதில் முள் இருக்காது. நைலான் நரம்பும் மிதக்கும் தக்கையும் மட்டும். அதன் எதிரில் யாரும் உட்காரக் கூடாது. கன்னியர் பள்ளியில் படித்த நான், கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினால் போதும் என்று இதில் கலந்துகொண்டதே இல்லை. கணவர் போன பிறகு என் கொழுந்தன் அந்துவான் தனியாகப் போய் வந்தார். இந்த ஐப்பசியில், “அண்ணனுக்கு நீங்களே போடுங்க அண்ணி, எனக்கு முட்டி சொல்ற பேச்சு கேக்கல” என்றார். மறுக்க முடியவில்லை.

காலை ஏழரைக்கு ஆட்டோவில் கிளம்பினோம். பேருந்தும் உண்டு, ஆனால் நிறுத்தத்திலிருந்து கரை வரை நடக்க வேண்டும். வீட்டிலிருந்து ஏரிக்கு ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர். போக வர ஆயிரத்து இருநூறு ரூபாய் பேசினேன். ஆட்டோக்காரர் எங்களை இறக்கிவிட்டுப் போய் நான்கு மணிக்கு வருவதாக ஏற்பாடு. மீன் குத்தகைக்காரரிடம் முந்தின நாளே அனுமதி கேட்டிருந்தோம். நீங்களும் கேட்டுவிட்டுப் போங்கள்.

மழைக்கு முந்தைய மூட்டம். காற்றே இல்லை. தண்ணீர் ஈயத்தகடு போலக் கிடந்தது. எங்கள் இரண்டு போக, கணவருக்கான மூன்றாவது கம்பை நான்தான் ஊன்றினேன். அதற்கு முன் நரம்பின் நுனியை விரலால் உருவிப் பார்த்தேன், வெறும் நுனி. அந்துவானும் பார்த்தார். பிறகு சற்றுத் தள்ளி அமர்ந்து எங்கள் தூண்டில்களைப் போட்டோம். மண்புழுவை அவர் கோர்த்துக் கொடுத்தார். மதியம் வரை எனக்கு இரண்டு கெண்டை, அவருக்கு ஒன்றுமில்லை. புழு அண்ணியின் பேச்சைத்தான் கேட்கிறது என்று முணுமுணுத்தார். அவ்வளவு நிம்மதியாக நான் இருந்து வெகு நாளாயிற்று.

பன்னிரண்டரைக்கு எங்கள் தூண்டில்களை மட்டும் சுருட்டிவிட்டு, மேட்டில் இருந்த புளியமரத்தடிக்குச் சாப்பிடப் போனோம். ஏரிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தோம். ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு பெண் கரையோடு வந்தாள். எங்கள் டப்பாக்களைப் பார்த்துவிட்டு, “அந்தப் பெரியவரு சாப்புட வரலியா?” என்று கேட்டாள்.

எந்தப் பெரியவர் என்றேன்.

“அங்க கம்பு கிட்ட குந்திக்கினு கெடக்குறாரே, வெள்ளச் சட்டை. கூப்புடுங்கம்மா, பசிக்காதா?”

திரும்பிப் பார்த்தோம். யாருமில்லை. கரை மொட்டைக் கரை. மறைந்து நிற்க ஒரு புதர்கூடக் கிடையாது. அவளும் பார்த்தாள். பிறகு ஆடுகளை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கம்பின் அருகே போனபோது மூன்றாவது தக்கை தண்ணீருக்குள் இருந்தது. அந்துவான் தொட மறுத்துவிட்டார். நான் தூக்கினேன். உள்ளங்கை அகல ஜிலேபிக் கெண்டை ஒன்று, வாயில் முள்ளோடு. நரம்பைச் சுற்றியிருந்த முடிச்சு வலமிருந்து இடமாக ஓடியது. நுனியைக் கத்தியால் வெட்டாமல் யாரோ பல்லால் கடித்திருந்தார்கள்.

“அண்ணி, இது அண்ணன் கட்டுற முடிச்சு,” என்றார் அந்துவான். மெதுவாகத்தான் சொன்னார்.

என் கணவர் இடதுகைக்காரர். நைலான் நரம்பை எப்போதும் பல்லால்தான் கடிப்பார், திட்டியிருக்கிறேன்.

மீனை விட்டுவிட்டேன். முள்ளை நரம்போடு நறுக்கி எடுத்து வந்தேன். நான்கு மணிக்கு வந்த ஆட்டோக்காரரைக் கேட்டேன், இடையில் அந்தப் பக்கமே வரவில்லை என்றார்.

இரண்டு நாளில் அந்துவான் மாறிவிட்டார். “நீங்களே கட்டியிருப்பீங்க அண்ணி, ஞாபகம் இல்ல” என்கிறார். பயத்தில் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைப் பாரிஸிலிருக்கும் என் மகனிடமும் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு நினைவு தடுமாறுகிறது, கிறிஸ்துமஸுக்கு வந்து வீட்டைப் பூட்டி என்னை அழைத்துப்போவேன் என்கிறான் மகன். நாற்பத்து மூன்று வருடமாக நான் வாழும் வீடு அது.

என் விரல்கள் மடங்காது. ஊசியில் நூல் கோர்க்கவே பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிறேன். பல்லும் கட்டிய பல். அந்துவானுக்கும் கட்டிய பல்தான். எங்களில் யார் நரம்பைக் கடித்திருக்க முடியும்?

போகிறவர்களுக்கு: குடிநீர் எடுத்துச் செல்லுங்கள், அருகில் கடை இல்லை. குடை அவசியம். கரைமண் வழுக்கும், தோல் செருப்பு வேண்டாம். சாப்பிடும்போது ஏரியைப் பார்த்து உட்காருங்கள்.

அன்று பாகூர் ஏரியில் வெள்ளைச் சட்டையோடு எங்கள் கம்பின் அருகே அமர்ந்து, முள் இல்லாததைக் கண்டு உதவியாகக் கட்டிக் கொடுத்தவர் யாராவது இருந்தால், உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. தயவுசெய்து இதற்குக் கீழே எழுதுங்கள். தொலைபேசி வேண்டாம், மகனிடம் காட்ட எழுத்தில் வேண்டும். தமிழிலோ பிரெஞ்சிலோ எழுதலாம். எந்தக் கையால் கட்டினீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள்.