வாய்விட்டுச் சொல்லாத இங்கிலீஷ்

திருப்பதியில் ஓர் ஓட்டலின் ரிசப்ஷனில் எனக்கு வேலை. நகரியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். கர்ப்பமாகி வயிறு வெளியே தெரிய ஆரம்பித்ததும் எங்கள் மேனேஜர் திடீரென்று அன்பானவராகிவிட்டார். ஹைதராபாத்காரர், முக்கியமானதை எல்லாம் இங்கிலீஷில்தான் சொல்வார்.

"யூ மஸ்ட் பி வெரி டயர்ட்," என்றார் ஒருநாள். இன்னொரு நாள், "ஃபேமிலி கம்ஸ் ஃபர்ஸ்ட், நோ?"

நான் தமிழ் மீடியத்தில் படித்தவள். சொல்லுக்கு என்ன அர்த்தமோ அதை மட்டும் எடுத்துக்கொள்வேன். களைப்பெல்லாம் இல்லை சார் என்று சிரித்தேன், தேங்க்ஸும் சொன்னேன். வீட்டில் கணவரிடம் அவரைப் புகழ்ந்தேன்.

பிறகு ஒரு புதுப் பெண்ணை என் பக்கத்தில் உட்காரவைத்து, புக்கிங் வேலையைக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். "ஜஸ்ட் இன் கேஸ்," என்றார். அன்று மத்தியானம் சாப்பிடும்போது, அக்கவுன்ட்ஸில் இருந்த புத்தூர்த் தோழியிடம் இதைச் சொன்னேன். அவள் கையை உதறினாள்.

"இன்னாக்கா, இன்னுமா புரியல? உன்ன வேலைய உட்டு நின்னுடச் சொல்லிக்கினு கீறாரு. அவரு வாயால சொல்ல மாட்டாரு. நீயா எழுதிக் குடுக்கணும்."

என்னை வெளியே தள்ளுகிறவருக்கா இத்தனை நாள் நன்றி சொன்னேன்! கையைக் கழுவிவிட்டு நேராக அவர் அறைக்குப் போனேன். இரண்டு பேருக்கும் சந்தேகமே வராத தெலுங்கில் கேட்டேன்.

"சார், என்னை வேலையை விடச் சொல்றீங்களா? ஆமாவா, இல்லையா?"

அவர் முகம் இறுகிவிட்டது. "ஐ டிட்ன்ட் சே தட்."

"அப்ப சரி சார். நாளைக்கு வரேன்."

வந்தேன். மறுநாளும் வந்தேன். "ஆர் யூ ஷ்யூர்?" என்று பெருமூச்சு விட்டார். ஷ்யூர் என்றேன். மறைமுகமாகப் பேசுகிறவர் ஓர் இடத்தில் மாட்டிக்கொள்வார்: எதிரில் இருப்பவர் புரிந்துகொள்ள மறுத்துவிட்டால், அவர் எதுவுமே சொல்லவில்லை என்றாகிவிடும். நான் மறுத்தேன். பிரசவத்துக்கு முந்தைய வாரம்வரை அந்த நாற்காலியை விடவில்லை. சட்டப்படி வரவேண்டிய லீவையும் கேட்டு வாங்கினேன்.

மகள் பிறந்து, லீவு முடிந்து, நான் திரும்பிய காலையில் அவர் என்னைப் பார்த்து, "ஓ, பேக் ஆல்ரெடி?" என்றார். அந்த 'ஆல்ரெடி'க்குள் என்ன இருந்தது என்று இப்போது எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எஸ் சார்," என்றேன். கவுண்டரில் ஒரு குடும்பம் பெட்டிகளோடு அறைக்காகக் காத்திருந்தது. போய் உட்கார்ந்து, அவர்கள் பெயரைக் கேட்டேன்.