எதிர்க்கடை

கிரிவலப் பாதையில் உள்ள என் கடையை, விற்பனையில் பத்தில் ஒரு பங்கு தருவதாகப் பேசி வாடகைக்கு விட்டிருந்தேன். அதில்தான் என் வீடு ஓடுகிறது. பௌர்ணமியன்று போய்ப் பார்த்தால் ஷட்டர் இறங்கியிருந்தது. வாடகைக்கு எடுத்தவர் எதிரிலேயே சொந்தமாக ஒரு கடை போட்டு, பூஜைச் சாமான்களை அங்கே விற்றுக்கொண்டிருந்தார்.

யாரிடமும் எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. இருந்தும் கேட்டேன்.

“தினம் தெறக்கணும்னு பத்திரத்துல எங்க இருக்குக்கா? வித்தா பங்கு, அவ்ளோதான்” என்று சிரித்தார்.

வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீங்க விப்பீங்கன்னு நம்பித்தானேங்க பங்குக்கு விட்டேன்? மூடி வைக்கிறதுக்குன்னா மாச வாடகை பேசியிருப்பேனே.”

அவர் வந்தவர்களுக்குக் கற்பூரம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் நகரவில்லை.

“சரிக்கா, நாளைக்குத் தெறக்கறேன்.”

“இன்னைக்குத்தானேங்க பௌர்ணமி” என்றேன்.

என் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.