மண்ணுக்குப் பிடித்ததும் பிடிக்காததும்

வேலம்பாளையத்துப் பக்கம் ஒரு நர்சரி பள்ளியில் நான் யூகேஜி வகுப்பு எடுக்கிறேன். பள்ளிக்குச் சுற்றுச்சுவர் உண்டு, தண்ணீர்த் தொட்டி உண்டு, மொட்டை மாடியில் ஒரு சறுக்குமரம்கூட உண்டு. மண் மட்டும்தான் கிடையாது. முன்பக்கம் முழுக்க சிமெண்ட் கல் பதித்துவிட்டார் எங்கள் தாளாளர். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரிடம் அதைத்தான் முதலில் காட்டுவார். "பாருங்க, எங்க ஸ்கூல்ல யூனிஃபார்ம்ல ஒரு பொட்டு மண்ணு ஒட்டாதுங்க."

அவர் பனியன் கம்பெனி நடத்திவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர். இன்றைக்கும் மச்சானோடு சேர்ந்து சின்னதாக ஒரு யூனிட் வைத்திருக்கிறார். அதனால் எங்கள் பள்ளியில் புது அட்மிஷனுக்கு ஆர்டர் என்று பெயர். ஆண்டு விழா நடக்கும் நாள் ஷிப்மெண்ட் தேதி.

மெயின் ரோட்டில் புதிதாக வந்த பள்ளி ஒன்று, குழந்தைகள் மரத்தடியில் உட்கார்ந்திருப்பதைப் போல பெரிய போர்டு வைத்தது. மறுநாளே அவர் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், நாமளும் வெளிய வச்சு வகுப்பு எடுக்கோணுங்க. நீங்க மடத்துக்குளமில்லீங்களா? வயலு, வரப்பெல்லாம் உங்களுக்குப் பழக்கமா இருக்கும்."

என் அப்பா மடத்துக்குளம் பஸ் ஸ்டாண்டில் செல்போன் கடை வைத்திருந்தார். நான் என் வாழ்க்கையில் வளர்த்த ஒரே செடி, பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைத்த மணி பிளாண்ட். அதுவும் பிழைக்கவில்லை. ஆனால் அவர் அவ்வளவு நம்பிக்கையோடு பார்த்ததால், "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டேன்.

கோயமுத்தூரில் ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சிறு குழந்தைகளுக்கு வெயிலும் காற்றும் மண்ணும் எவ்வளவு முக்கியம் என்று ஏசி ஹாலில் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்து, படம் போட்டுக் காட்டினார்கள். வெளியே நல்ல மழை பெய்திருக்கிறது என்பது சாயங்காலம் பஸ் ஏற வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

பள்ளியின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் நடுவே, கல் பதிக்காத ஒரு துண்டு நிலம் இருந்தது. ஒரு முருங்கை மரம் தானாக முளைத்து நின்றது. அங்கே தோண்டலாம் என்று முடிவு செய்தோம். ஆயாம்மா மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினார். மண்ணுக்குப் பதில் சிவப்பாக ஒரு துணி நாடா வந்தது. இன்னொரு வெட்டில் நீலம். குழந்தைகளுக்கு ஒரே சந்தோஷம். மண்ணுக்கு அடியில் எப்போதும் கலர் துணிதான் இருக்கும் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். தாளாளர் வந்து ஒரு துண்டை எடுத்து, இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார்.

"சிங்கிள் ஜெர்சி, பனியன் துணிங்க. முன்னாடி இங்க யாரோ கட்டிங் வேஸ்ட் கொட்டியிருக்காங்க. நல்ல துணி."

கழிவையெல்லாம் பொறுக்கிவிட்டு, வேறு மண் கொஞ்சம் கொட்டி, ஐந்து குழி தோண்டினோம். பயிற்சியில் சொன்னதுதான்: எது மக்கும், எது மக்காது என்று குழந்தைகள் தாங்களே பார்க்க வேண்டும். வாழைப்பழத் தோல், முருங்கை இலை, காட்டன் பனியன் துண்டு, பாலியஸ்டர் துண்டு, பால் கவர். குழிக்கு ஒரு பொருள். ஒவ்வொரு குழியின் மேலும் குச்சி நட்டு, குழந்தைகள் வரைந்த படத்தை ஒட்டினோம். மக்குவது என்றால் என்ன என்று ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன்.

"மண்ணுக்கும் நம்மளை மாதிரி பசிக்கும், கண்ணுகளா. பிடிச்சதைச் சாப்பிட்டுரும். பிடிக்காததை அப்படியே வச்சிரும்."

முன் வரிசையில் உட்காரும் ஒரு பெண் கையைத் தூக்கினாள். அவளுடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கட்டிங் மாஸ்டராக இருப்பவர். வகுப்பில் எதற்கும் முதல் கேள்வி அவளுடையதுதான்.

"மிஸ், மண்ணுக்கு வாய் எங்கன இருக்கு?"

"எல்லாப் பக்கமும் வாய்தான்" என்றேன்.

அன்றைக்கு மதியம் ஒரு குழந்தையும் பின்பக்கத்து மண்ணில் கால் வைக்கவில்லை. சுவர் ஓரமாக நுனிக்காலில் நடந்து போனார்கள். பயம் தெளிந்ததும் பாசம் வந்துவிட்டது. பீகாரிலிருந்து வந்த ஒரு பையன், "மிட்டி பூக்கி ஹை" என்று சொல்லிக்கொண்டே தினமும் தன் சப்பாத்தியில் பாதியைப் பிய்த்துப் போட்டான். மண்ணுக்குப் பசிக்கிறதாம். உப்புமா கொண்டுவந்த பிள்ளைகள் எல்லோருக்கும் மண்ணின் பசி உடனே புரிந்தது. டிபன் டப்பாக்கள் சுத்தமாகக் காலியாகி வந்தன. அம்மாக்கள் என்னைப் பார்த்து நன்றி சொன்னார்கள்.

நடுவில் ஒருநாள் வாழைத் தோலை மட்டும் திறந்து பார்த்து மூடினோம். சில வாரம் கழித்து எல்லாக் குழிகளையும் திறந்தோம். வாழைத் தோல் இல்லை. ஆயாம்மா கையை விட்டுத் துழாவினார். இல்லவே இல்லை. காட்டன் துண்டில் பொத்தல் பொத்தலாக விழுந்திருந்தது. "கடிச்சு வச்சிருக்கு" என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். பால் கவர் மட்டும் இன்றைக்குக் கடையில் வாங்கியது போலப் பளபளவென்று வந்தது. பாலியஸ்டரும் அப்படித்தான். அந்த ஒரு மணி நேரம், எனக்கு வாத்தியார் வேலை வரும் என்று நானே நம்பினேன்.

அதற்கப்புறம்தான் பொருள்கள் காணாமல் போக ஆரம்பித்தன.

முதலில் சாக்பீஸ். அப்புறம் டஸ்டர். அப்புறம் ஆயாம்மாவின் சீப்பு. எலிதான் தூக்கிப் போகிறது என்று ஆயாம்மா பொறி வைத்தார். பொறியையும் காணவில்லை. எனக்குச் சந்தேகம் தட்டுவதற்குள் வீடுகளிலிருந்து போன் வர ஆரம்பித்துவிட்டது. வீரபாண்டியில் சாயப்பட்டறையில் வேலை செய்யும் ஒரு அப்பா பேசினார்.

"மிஸ்ஸுங்களா? எங்க ஊட்டுல டிவி ரிமோட்டைக் காணமுங்க. பையனைக் கேட்டா, மண்ணுக்குப் போட்டிருக்கேன், மிஸ் சொன்னாங்கன்னு சொல்றானுங்க. நீங்க சொன்னீங்களா?"

"இல்லீங்க. அப்படிச் சொல்லலீங்க. கொஞ்சம் அப்படித்தான் சொன்னேனுங்க."

அடுத்தது ஒரு அம்மா. "அப்புச்சியோட பல் செட்டு ரோஜாத் தொட்டியில இருந்து எடுத்தமுங்க மிஸ். சுடுதண்ணியில நல்லாக் கழுவித்தான் குடுத்தோம். அவுரு வாயில வைக்க மாட்டேங்கறாருங்க. மூணு வேளையும் கஞ்சிதான்."

இதையெல்லாம் மிஞ்சியது ஒரு அப்பாவின் கம்பெனி அடையாள அட்டை. லைன் வீட்டில் குடியிருப்பவர்களுக்கு மண் ஏது? பக்கத்தில் வீடு கட்டக் குவித்திருந்த மணலில் பிள்ளை அதைப் புதைத்திருக்கிறது. கொத்தனார் அந்த மணலைச் சலிக்காமல் கலவை போட்டுவிட்டார். குளியலறைச் சுவர் பூசி முடித்து மட்டப்பலகையால் தேய்த்தபோது, அந்த அப்பாவின் முகம் சுவரிலிருந்து சிரித்துக்கொண்டு வந்ததாம்.

வகுப்பில் உட்கார வைத்துப் பேசினேன். மண்ணுக்கு எது கொடுப்பதாக இருந்தாலும் முதலில் மிஸ்ஸிடம் கேட்க வேண்டும் என்றேன். "சரிங்க மிஸ்" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. சொன்னபடி கேட்கவும் செய்தார்கள். நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தபோது அந்தத் திருநெல்வேலிப் பெண் வந்து, "மிஸ், இரும்பு திங்குமா?" என்று கேட்டாள்.

"பார்க்கலாம்" என்றேன், தலை நிமிராமல்.

அன்று சாயங்காலம் பள்ளி விட்டு, குழந்தைகள் பையை மாட்டிக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். வேன் மட்டும் கிளம்பவில்லை. டிரைவர் அண்ணன் சட்டைப் பையைத் தட்டினார், பேண்ட் பையைத் தட்டினார், சீட்டுக்கு அடியில் படுத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"டீச்சர், வேன் சாவியக் காணல. இங்கன ஆபீஸ் ஆணியிலதான் மாட்டிருந்தேன்."

திரும்பி வேனைப் பார்த்தேன். ஜன்னல் ஜன்னலாக எல்லா முகமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு ஒழுங்காக அவர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"சாவி எங்கடா கண்ணு?"

அந்தத் திருநெல்வேலிப் பெண் எழுந்தாள்.

"மண்ணு திங்குதான்னு பாக்கணும்லா மிஸ். நீங்கதான பார்க்கலாம்னு சொன்னீங்க."

"சரி, எந்த இடத்துல வச்ச?"

"சொன்னா தோண்டிருவீங்க."

தாளாளர் வந்தார். ஸ்பேர் சாவி கிடையாதா என்று டிரைவரைக் கேட்டார். ஸ்பேர் சாவி போன வருஷமே தொலைந்துவிட்டதாக அவர் சொன்னார். தாளாளர் வேன் படியில் ஏறி நின்று, மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"ஏனுங்க கண்ணு, சாவிய எங்க வச்சீங்கன்னு சொல்லிட்டா எல்லாரும் ஊட்டுக்குப் போலாமில்லீங்க? அம்மா தேடுவாங்கல்ல?"

"எங்கம்மா ஓவர்டைம் சார்" என்றாள் அவள்.

ஆயாம்மா கடலை மிட்டாயைக் காட்டினார். அது வேலை செய்தது. மிட்டாய் வாங்கிய ஒரு பையன் முருங்கை மரத்தைக் காட்டினான். இன்னொன்று கொடுத்ததும் தொட்டிப் பக்கம் காட்டினான். மூன்றாவதற்குச் சுவரோரம். அவன் மிட்டாய்க்குத் தகுந்தபடி இடம் காட்டுகிறான் என்று தெரிவதற்குள் டிரைவரும் ஆயாம்மாவும் பின்பக்கத்தில் பாதியைத் தோண்டிவிட்டார்கள். சாவி வரவில்லை. சீப்பு வந்தது. எலிப்பொறி வந்தது. ஒரு சாம்பார் கரண்டி வந்தது. பள்ளியின் ரப்பர் ஸ்டாம்ப் வந்தபோது தாளாளர் அதை வாங்கித் தன் வேட்டியிலேயே துடைத்தார்.

"இதுக்காக ஒரு வாரமா கிளர்க்கைத் திட்டிட்டு இருக்கறனுங்க" என்றார்.

அதற்குள் வேன் வராததால் அம்மாக்கள் சிலர் வண்டியில் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். என்ன விஷயம் என்று சொன்னதும் திட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒருவர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு டிபன் கரண்டியோடு இறங்கினார். இன்னொருவர், "எங்க வளையல் ஒண்ணு காணமுங்க மிஸ், அதுவும் இங்க இருக்குமுங்களா?" என்று கேட்டுவிட்டு அவரும் இறங்கினார். நாள் முழுக்க டியூப் லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்து தைத்துவிட்டு வந்தவர்கள். சிரித்துக்கொண்டே தோண்டினார்கள். ஒட்டாது ஒட்டாது என்று தாளாளர் சொன்ன மண், பெற்றோர் மேலேயே முழங்கை வரை ஒட்டியிருந்தது.

நான் வேனுக்குப் போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளிடம் கெஞ்சிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. அவளைப் பொறுத்தவரை நாங்கள்தான் பாதியில் பாடத்தைக் கலைக்க வந்தவர்கள்.

"நான் எடுக்கச் சொல்லல. எவ்வளவு தின்னிருக்குன்னு மட்டும் பார்க்கலாமா? வாழைத் தோலை நடுவுல ஒருநாள் திறந்து பார்த்தோமே, அது மாதிரி."

அவள் யோசித்தாள். "பார்த்துட்டு மூடிரணும்."

"பிடிக்கலைன்னு மண்ணு சொல்லிட்டா?"

"பிடிக்கலைன்னா எடுத்துக்கலாம்."

வகுப்பே இறங்கி அவள் பின்னால் போனது. மற்றவர்கள் தோண்டிய ஓர் இடத்தையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காம்பவுண்ட் கேட்டுக்குப் பக்கத்தில், தாளாளர் அறை வாசலில், பெருமைக்காக வைத்திருந்த குரோட்டன்ஸ் தொட்டியில் கையை விட்டாள். சாவி வந்தது. கூடவே தொங்கிய பழனி முருகன் டாலருக்கு மேல் ஒரு மண்புழு நெளிந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பீகார்ப் பையன் சாவியை வாங்கி மோந்து பார்த்துத் தலையை ஆட்டினான்.

"திங்கல" என்று அந்தப் பெண் அறிவித்தாள். "பிடிக்கலையாம். எடுத்துக்கோங்க டிரைவர் மாமா. புழுவ மட்டும் வச்சிட்டுப் போங்க."

டிரைவர் புழுவைத் தொட்டியில் விட்டுவிட்டுச் சாவியை ஊதி ஊதிச் சுத்தம் செய்தார். வேன் கிளம்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மறுநாளிலிருந்து அவர் சாவியைக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை தாளாளர் கூப்பிட்டபோது, வெளி வகுப்பு அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். மேஜை டிராயரைத் திறந்து, பனியன் போட்டு அனுப்பும் கவர் ஒன்றை எடுத்து வைத்தார். கவரில் பச்சை இலை படம் போட்டிருந்தது.

"டீச்சர், ஒரு உதவிங்க. இந்தக் கவரு மண்ணுல போட்டாக் கரைஞ்சிருமுன்னு ஒருத்தன் விக்கறானுங்க. வெளிநாட்டுக்காரங்களும் இப்ப இதைத்தான் கேக்கறாங்க. மச்சான் வாங்கலாங்கறான், எனக்குச் சந்தேகம். நம்ம குழந்தைங்ககிட்டக் குடுத்துப் பாக்கலாமுங்களா? சாம்பிளுக்குத்தான்."

ஆறாவது குழி தோண்டினோம். தாளாளர் தானே குனிந்து கவரைப் போடப் போனார். அந்தப் பெண் தடுத்தாள். படம் வரைந்து குச்சி நடாமல் போடக் கூடாது என்றாள். அவர் ஒரு குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்து, கிரேயானால் ஒரு கவர் வரைந்தார். நன்றாக இல்லை என்று பிள்ளைகள் சொன்னார்கள். மறுபடி வரைந்தார்.

மழைக்காலம் முழுக்க அது மண்ணில் கிடந்தது. தினமும் காலையில் அவர் ஆபீசுக்குப் போகுமுன் பின்பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவதை ஜன்னல் வழியே கவனித்தேன். திறந்த நாளில் பக்கத்துக் குழியில் கூடவே போட்ட காட்டன் துண்டு நூல் நூலாக உதிர்ந்திருந்தது. கவர் அப்படியே இருந்தது. இலைப் படத்தில் பச்சை நிறம்கூட மங்கவில்லை. குழந்தைகள் அதை வரிசையாகக் கை மாற்றிப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டி, அவர் கையில் கொடுத்தார்கள்.

அவர் அங்கேயே நின்று போன் போட்டார். ஸ்பீக்கரில் இருந்தது.

"தம்பி, உங்க கவரு வேண்டாமுங்க. பாஸ் ஆகலீங்க."

"எந்த லேப்ல சார் செக் பண்ணுனீங்க? எங்ககிட்ட சர்டிபிகேட்டே இருக்குங்க சார்."

தாளாளர் முழங்கால் வரை மண்ணோடு நின்ற பிள்ளைகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"யூகேஜி பி செக்சனுங்க" என்றார்.