சீனியர் டீமுக்கு நாங்கள் மூவர் போட்ட வரிசை

இன்று காலை சிட்லபாக்கம் மைதானத்தில் பெண்கள் ஹாக்கி பயிற்சி. சீனியர் டீமில் டிஃபென்ஸ் ஆட ஓர் இடம் காலி. என் பேத்தி மெர்சி, நசீமா, திவ்யா, இந்த மூவரில் ஒருத்தியைக் கோச் இன்றைக்கே எடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

வேலி ஓரம் நான், திவ்யாவின் அம்மா, நசீமாவின் அப்பா மூவரும் காத்திருந்தோம். யார் முதல், யார் அடுத்து என்று நாமும் வரிசை போடலாம் என்றார் நசீமாவின் அப்பா. தாம்பரத்தில் செருப்புக்கடை வைத்திருக்கிறார்.

"அவங்கவங்க பொண்ண விட்டுட்டு மத்த ரெண்டு பேரச் சொல்லணும். அப்பதான் நியாயமா இருக்கும்."

சரி என்றோம்.

"திவ்யா முதல்ல, அப்புறம் மெர்சி" என்று அவரே தொடங்கினார்.

திவ்யாவின் அம்மா, "நசீமாதான் ஃபர்ஸ்ட். மெர்சி பந்தப் பிடுங்குறா, ஆனா பாஸ் குடுக்கத் தெரியல. சாரி ஆன்ட்டி" என்றாள்.

அடுத்து நான். பந்து வந்தால் ஒதுங்கி நிற்கும் திவ்யாவை முதலில் வைத்தேன். யாரையும் இடிக்காமல் பந்தை மட்டும் எடுத்துவரும் நசீமாவைப் பின்னால் தள்ளினேன்.

"இன்னாம்மா, நெஜமாவா சொல்றீங்க?" என்றார் நசீமாவின் அப்பா.

"நீங்களும் திவ்யாவத்தான சொன்னீங்க பாய்?"

அவர் மைதானத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். திவ்யாவின் அம்மா, "எம்பொண்ணுக்கு ரெண்டு ஓட்டுங்க!" என்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

கோச் விசில் ஊதி நசீமாவைக் கூப்பிட்டார். மெர்சியின் இடத்தைப் பிடித்துவிடுவாளோ என்று நான் பயந்துபோய்ப் பின்னால் தள்ளிய பெண்.

மெர்சியைப் பின்னால் தள்ளிய இருவரும் அப்படிப் பயந்துதான் தள்ளினார்கள் என்று எடுத்துக்கொண்டேன். வேறு மாதிரி நினைப்பவர்கள் கீழே எழுதலாம். சண்டைக்கு வர மாட்டேன்.